கையைக் கிழிக்கும் பிஸ்டல்: காயத்தைப் பார்த்து விளிம்பைக் கண்டுபிடித்து மழுக்கும் முறை

1911 வகை பிஸ்டல் ஒன்றை வாங்கி முதல் நூறு தோட்டா சுட்டு முடித்தபோது என் வலக்கையில் மூன்று இடத்தில் ரத்தம் வந்திருந்தது. கோயம்புத்தூரில் டூல்ரூமில் அரம் பிடித்துப் பழகியவன் நான். அன்று இரவே கண்ணில் பட்ட கூர்மையான விளிம்பையெல்லாம் ராவிவிட்டேன். அடுத்த வாரம் அதே இடத்தில் அதே காயம். நான் ராவியது ஒன்று, கையைக் கடித்தது வேறொன்று. அதன்பின் கிளப்பில் யாராவது கையில் பிளாஸ்திரியோடு வந்தால் பிஸ்டலைக் கேட்பதில்லை, முதலில் கையைக் காட்டச் சொல்வேன். காயம் எந்த இடத்தில் இருக்கிறது, கோடாக இருக்கிறதா, நசுங்கலாக இருக்கிறதா, சிராய்ப்பாக இருக்கிறதா என்று பார்த்தாலே முக்கால்வாசி தெரிந்துவிடும். கீழே உள்ளதையும் அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் 1911 பற்றியது. அதோடு சேர்ந்த சங்கதி வரும் இடத்தில் மற்றவற்றையும் தொட்டிருக்கிறேன்.

தொடங்குமுன்

மேகசினை (தோட்டா அடுக்கிய பெட்டி) கழற்றுங்கள். ஸ்லைடை (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகம்) இழுத்துப் பின்னால் பூட்டுங்கள். தோட்டா உட்காரும் குழியான சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறைக்குப் போகட்டும். ஒவ்வொரு முறை எழுந்து போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தாலும் இதை மறுபடி செய்ய வேண்டும்.

நான் இருப்பது டெக்சஸில். இங்கே சொந்தத் துப்பாக்கியின் விளிம்பை வீட்டிலேயே மழுக்கிக்கொள்ளலாம். ஆனால் வரிசை எண் இருக்கும் பக்கம் உப்புத்தாள் போகவே கூடாது. அந்த எண்ணை அழிப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் வேலைக்கும் உரிமம் கேட்கிறது. அங்கிருந்து படிப்பவர்கள் அரத்தைத் தொட வேண்டாம். உரிமம் உள்ள பழுதுபார்ப்பவரிடம் "இந்த இடம் கிழிக்கிறது, இதை மட்டும் எடுத்துக் கொடுங்கள்" என்று சுட்டிக்காட்ட இந்தக் குறிப்பு உதவும்.

அறிகுறி: பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள தோல் நசுங்கி, ரத்தம் கட்டியிருக்கிறது

ஒரே இடம், சின்னக் கடி, சில சமயம் கறுத்த கொப்புளம். இது ஹேமரின், அதாவது பிஸ்டலின் பின்னால் இருக்கும் சுத்தியலின் வேலை. ஸ்லைடு பின்னால் வரும்போது ஹேமரைக் கீழே தள்ளுகிறது. ஹேமரின் வால், கிரிப் சேஃப்டியின் (கைப்பிடியின் பின்புறம், கை அழுத்தினால் மட்டும் சுட விடும் நெம்புகோல்) மேல்நுனியை நோக்கி இறங்குகிறது. நடுவில் உங்கள் தோல் இருந்தால் அது மாட்டிக்கொள்கிறது.

இது புதிய குறையே அல்ல. ஜான் பிரவுனிங் வடிவமைத்த இந்த பிஸ்டலை அமெரிக்க ராணுவம் 1911இல் ஏற்றது. முதல் உலகப் போருக்குப் பிறகு செய்த திருத்தங்களில் கிரிப் சேஃப்டியின் வாலை நீட்டினார்கள், ஹேமரின் வாலைக் குறுக்கினார்கள். 1911ஏ1 என்ற பெயரில் வந்தது அந்தத் திருத்திய வடிவம். சிப்பாய்களின் கை கடிபட்டதற்குக் கிடைத்த பதில் அந்த இரண்டு மாற்றங்கள். அதே பிரவுனிங் தொடங்கி, அவர் இறந்தபின் பெல்ஜியத்தில் முடிக்கப்பட்டு 1935இல் வந்த ஹை-பவர் பிஸ்டலுக்கும் இந்தக் கடி உண்டு. சதைப்பற்றுள்ள கை என்றால் அது இன்னும் மோசம்.

உறுதி செய்வது எளிது. காலி பிஸ்டலைச் சுடும்போது பிடிப்பது போலவே இறுக்கிப் பிடியுங்கள். இடக்கையால் ஸ்லைடை மெதுவாக, கடைசி வரை இழுங்கள். ஹேமர் தோலைத் தொடும் இடம் தெரியும். அந்த இடத்தில் ஹேமருக்கு மார்க்கர் மை தடவிவிட்டு மறுபடி இழுத்தால் மை தோலில் ஒட்டும். ஊகத்துக்கே இடமில்லை.

இங்கே விளிம்பை மழுக்குவது பாதித் தீர்வுதான். ஹேமர் வாலின் அடிப்பக்க ஓரத்தையும், கிரிப் சேஃப்டி நுனியின் மேல் ஓரத்தையும் உருட்டிவிட்டால் ரத்தம் வருவது நின்று வெறும் நசுங்கலாக மாறும். முழுத் தீர்வு வேண்டுமானால் பாகத்தை மாற்ற வேண்டும்: ஏ1 வகை நீண்ட கிரிப் சேஃப்டி, அல்லது பீவர்டெயில் என்று சொல்லப்படும் அகன்று மேலெழுந்த வால். அகன்ற பீவர்டெயில் பொருந்த, பிஸ்டலின் அடிச்சட்டமான ஃபிரேமின் பின்பகுதியை வளைவாக வெட்ட வேண்டியிருக்கும். அந்த வெட்டைத் திரும்ப ஒட்ட முடியாது. அளவுச்சட்டம் இல்லாமல் கையால் முயற்சி செய்யாதீர்கள். வெட்டாமல் பொருத்தக்கூடிய வகைகளும் விற்கின்றன. பார்க்கச் சற்று இடைவெளி தெரியும், ஆனால் வேலை செய்யும்.

ஹேமரை ராவுவதாக இருந்தால் வாலை மட்டும். அதன் அடியில் சியர் (ஹேமரைப் பிடித்து வைத்து, ட்ரிகரை இழுத்தால் விடும் பாகம்) மாட்டும் கொக்கிகள் இருக்கின்றன. அந்தப் பக்கம் அரமோ கல்லோ எதுவும் போகக் கூடாது. அங்கே ஒரு மயிரிழை தவறினால் ட்ரிகரைத் தொடாமலே ஹேமர் விழும் பிஸ்டல் உங்கள் கையில் இருக்கும்.

அறிகுறி: கையின் மேற்புறத்தில் இரண்டு இணைகோடுகள்

ரயில் தண்டவாளம் போல இரண்டு கீறல் இருந்தால் குற்றவாளி ஹேமர் அல்ல, ஸ்லைடு. அதன் அடி ஓரங்கள் இரண்டும் தோலின் மேல் ஓடிவிட்டன. சிறிய பிஸ்டல்களில், குறிப்பாக வால்தர் பிபிகே போன்றவற்றில், பெரிய கை உள்ளவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். 2000களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தயாரித்த பிபிகேக்களில் பின்வாலை நீட்டியதற்குக் காரணம் இதுதான்.

ஸ்லைடின் பின்மூலைகள் இரண்டையும் லேசாக உடைத்துவிடலாம். "உடைப்பது" என்றால் கூர்மையை எடுப்பது மட்டும்தான், வடிவத்தை மாற்றுவது இல்லை. ஆனால் ஃபிரேமின் பள்ளத்தில் ஓடும் தண்டவாளப் பகுதியில் கை வைக்காதீர்கள். ஸ்லைடின் ஓட்டம் அதன் அளவை நம்பி இருக்கிறது. உண்மையைச் சொன்னால் இந்தக் காயத்துக்கு அரம் பெரிதாக உதவாது. கையை அரை சென்டிமீட்டர் கீழே இறக்கிப் பிடிப்பதும், கைக்கு ஏற்ற பிஸ்டலைத் தேர்ந்தெடுப்பதும்தான் உதவும்.

இன்னொன்றையும் பாருங்கள். ரிவால்வர் சுட்டுப் பழகியவர்கள் இடக்கைப் பெருவிரலை வலக்கையின் பின்னால் குறுக்கே போடுவார்கள். ஸ்லைடு உள்ள பிஸ்டலில் அது ஸ்லைடின் பாதையிலேயே விரலை வைப்பது. வெட்டு ஆழமாக விழும். பிஸ்டலில் எதையும் ராவ வேண்டியதில்லை. இரண்டு பெருவிரலும் ஒரே பக்கம், முன்னோக்கி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அறிகுறி: பெருவிரலின் உட்புறமோ அடிப்பகுதியோ சிராய்ந்து எரிகிறது

அரம் உண்மையிலேயே பலன் தரும் இடம் இதுதான். ஐம்பது தோட்டா வரை ஒன்றும் தெரியாது. நூறைத் தாண்டும்போது எரியும். மறுநாள் தோல் உரிந்திருக்கும். காரணம் பெரும்பாலும் தம்ப் சேஃப்டி, அதாவது பெருவிரலால் ஏற்றி இறக்கும் பாதுகாப்பு நெம்புகோல். பெருவிரலை அதன் மேல் வைத்துச் சுடுபவர்களுக்கு ஒவ்வொரு வெடியிலும் அந்தச் சின்ன மேடையின் ஓரம் தோலை உரசுகிறது. அச்சில் வார்த்துச் சுட்ட பாகங்களில் இரண்டு அச்சும் சேர்ந்த இடத்தில் மெல்லிய பிசிறுக் கோடு ஒன்று ஓடும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் சேஃப்டி உள்ள பிஸ்டல் என்றால் வலப்பக்கத்து நெம்புகோல் ஆள்காட்டி விரலின் அடிமுட்டியில் குத்தும்.

கூர்மையான இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு வழி. ஒரு துண்டுப் பஞ்சை பிஸ்டல் முழுக்க இழுத்துப் பாருங்கள். பிசிறு உள்ள இடத்தில் நார் மாட்டிக்கொள்ளும். அடுத்தது நகம். சந்தேகப்படும் ஓரத்தில் பெருவிரல் நகத்தைச் சாய்த்து இழுங்கள். நகம் சுருளாகச் சீவப்பட்டால் அந்த ஓரம் தோலையும் சீவும். டூல்ரூமில் வெட்டுளி தீட்டியதைச் சோதிக்க நாங்கள் செய்த அதே சோதனை.

வேலைக்குத் தேவையானவை: நுண்பல் கொண்ட தட்டை அரம் ஒன்று, ஊசி அரங்கள் சில, 320, 400, 600 எண் உப்புத்தாள் (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்பு வகை), மார்க்கர், மறைக்கும் டேப், வைஸின் வாய்க்கு வைக்கத் தோல் அல்லது மரத்துண்டு. சுழலும் சிறு மோட்டார் கருவி வேண்டாம். அது ஒரு நொடியில் எடுப்பதைக் கையால் எடுக்க ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தில்தான் தவறை நிறுத்த முடியும்.

தம்ப் சேஃப்டியைக் கழற்றிவிடுங்கள். ஃபிரேமில் வைத்தே ராவினால் இரும்புத்தூள் உள்ளே போய் சியர் அருகில் உட்கார்ந்துகொள்ளும். கழற்ற முடியாத பாகம் என்றால் எல்லாத் திறப்பையும் டேப்பால் மூடுங்கள். ஓரத்துக்கு மார்க்கர் தடவுங்கள். அரத்தின் பற்களில் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டால் தூள் பல்லிடுக்கில் அடைத்துக் கோடு போடாது. அரம் முன்னால் தள்ளும்போது மட்டுமே வெட்டும். திரும்பி வரும்போது தூக்கிவிடுங்கள்.

முதலில் ஓரத்தில் 45 பாகைச் சாய்வில் ஒரு மெல்லிய பட்டை எடுங்கள். கால் மில்லிமீட்டர் அகலம் போதும், அரை மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம். மார்க்கர் மை போன இடத்தைப் பார்த்தால் பட்டை எங்கே சீராக இல்லை என்று தெரியும். இப்போது ஒரு கூர் இருந்த இடத்தில் இரண்டு மொட்டைக் கூர் இருக்கும். அந்த இரண்டையும் இன்னும் மெல்லியதாக ஒரு முறை தட்டுங்கள். பிறகு உப்புத்தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து, செருப்புக்கு பாலிஷ் போடுபவர் துணியை இழுப்பது போல ஓரத்தின் மேல் முன்னும் பின்னும் இழுங்கள். 320, பிறகு 400, பிறகு 600. பட்டைகள் கரைந்து உருண்டையாகிவிடும். தாளை நேராக அழுத்தித் தேய்த்தால் உருண்டை வராது, புதிய விளிம்புதான் வரும். இழுப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சேஃப்டியின் உள்பக்கத்தில் சியரைத் தடுக்கும் புடைப்பு இருக்கிறது. அதற்கும் நம் வேலைக்கும் சம்பந்தமில்லை. வெளியே விரல் தொடும் மேடை மட்டும்.

அறிகுறி: பீவர்டெயில் இருந்தும் விரலிடைத் தோலில் இரண்டு சின்ன வெட்டு

ஹேமர் கடிக்காமலிருக்கப் பீவர்டெயில் போட்டாயிற்று, இன்னும் ரத்தம் வருகிறது என்று வருபவர்கள் உண்டு. கிரிப் சேஃப்டியை உள்ளே அழுத்தியபடி விரலால் தடவிப் பாருங்கள். அழுத்தாதபோது ஃபிரேமோடு ஒன்றாகத் தெரியும். அழுத்தினால் உள்ளே இறங்கி, அதன் இருபுறமும் ஃபிரேமின் ஓரங்கள் கொம்பு போல நீட்டி நிற்கும். சுடும்போது கை அதை அழுத்திக்கொண்டுதானே இருக்கிறது? ஆகவே சேஃப்டியை டேப்பால் உள்ளழுத்திக் கட்டிவிட்டு, அந்த நிலையிலேயே ஃபிரேம் ஓரங்களை உருட்ட வேண்டும். நான் பார்த்த பீவர்டெயில்களில் அவசரத்தில் பொருத்தியவை எல்லாவற்றிலும் இந்தக் கொம்பு இருந்தது.

அறிகுறி: ஸ்லைடை இழுக்கும் கை கிழிகிறது

உள்ளங்கையின் ஓரத்தில் கீறல் இருந்தால் பின்காட்சியின் (ஸ்லைடின் பின்னால் குறி பார்க்க வைத்த, நடுவில் பள்ளமுள்ள துண்டு) மூலைகள். விரல் நுனியில் சிராய்ப்பு இருந்தால் ஸ்லைடின் பின்பக்க வரிகள். பின்காட்சியின் வெளிமூலைகளை மட்டும் மழுக்குங்கள். கண்ணை நோக்கும் முகத்தையும் நடுப்பள்ளத்தையும் தொட்டால் குறி பார்ப்பது கெடும். அமெரிக்கத் துப்பாக்கி மெக்கானிக் வேய்ன் நோவாக் பிரபலப்படுத்திய, முன்பக்கம் சரிந்த தாழ்வான பின்காட்சி எதிலும் மாட்டாது என்பதால் பலர் அதையே போட்டுக்கொள்கிறார்கள். வரிகளின் நுனியை 400 தாளால் நான்கைந்து இழுப்பு இழுத்தாலே போதும். பிடிப்பு போகாது, கடி போகும்.

தோட்டா வெளியேறும் வாயின் ஓரத்தில் கை கிழிந்தது என்றால் கையை வைக்கும் இடத்தை மாற்றுங்கள். அந்த வாயின் மேல் உள்ளங்கையை வைத்து இழுப்பது வேறு பல ஆபத்தையும் கொண்டுவரும்.

அறிகுறி: நடுவிரலின் முட்டியில் தடிப்பு, அல்லது ட்ரிகர் விரலில் கொப்புளம்

நடுவிரல் ட்ரிகர் வளையத்தின் அடியை மோதுகிறது. பிளாஸ்டிக் ஃபிரேம் உள்ள கிளாக் பிஸ்டல் சுடுபவர்களில் பலருக்கு அந்த இடத்தில் காய்ப்பே காய்த்துவிடும். அங்கே பிளாஸ்டிக் என்பதால் 320 தாளால் அச்சுக்கோட்டை எடுத்து ஓரத்தை உருட்டினால் பெரும்பாலும் போதும். உலோக வளையத்தில் முன்சொன்ன பட்டை முறைதான். ட்ரிகர் விரலின் கொப்புளத்துக்கு ட்ரிகர் முகத்தின் இரண்டு பக்க ஓரங்களும், அடிநுனியும் காரணம். மூன்று நிமிட வேலை. தூள் உள்ளே போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: உள்ளங்கை முழுக்கச் சொரசொரவென்று எரிச்சல்

கைப்பிடியின் முன்னும் பின்னும் வெட்டிய சதுர வரிகள். ஓர் அங்குலத்துக்கு 20 வரி என்றால் பல் பெரிது, கடி அதிகம். 30 வரி மென்மை. 25 நடுவில். வெட்டி முடித்த புதிதில் ஒவ்வொரு சதுரத்தின் உச்சியும் ஊசிமுனை. அரத்தைக் கொண்டு தட்டையாக்காதீர்கள், காசு கொடுத்து வாங்கிய பிடிப்பு போய்விடும். 400 தாளை ஒரு துண்டு ரப்பரின் மேல் சுற்றி, இரண்டு திசையிலும் சில இழுப்பு மட்டும். பிறகு ஒரு நாள் சுட்டுப் பாருங்கள். கை பழகுவதும் பாதி மருந்து.

கைப்பிடியின் அடி மூலை, மேகசின் நுழையும் வாய், இவற்றின் ஓரங்களை அவசரமாக மேகசின் மாற்றும்போதுதான் உணர்வீர்கள். வெளிப்பக்கத்தைத் தாராளமாக உருட்டலாம். ஆனால் மேகசினில் தோட்டா நிரப்பும்போது பெருவிரல் கிழிந்தால், மேகசின் உதடுகளை ராவாதீர்கள். தோட்டா எந்தக் கோணத்தில் ஏற வேண்டும் என்பதை அந்த உதடுகள்தான் தீர்மானிக்கின்றன. விலை குறைந்த நிரப்பி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

மழுக்கிய பிறகு மேல்பூச்சு

துருப்பிடிக்காத எஃகு என்றால் சுலபம், பச்சை ஸ்காட்ச்-பிரைட்டால் ஒரே திசையில் தேய்த்தால் சுற்றியுள்ள நிறத்தோடு கலந்துவிடும். கறுநீலப் பூச்சு உள்ள எஃகில் ஓரம் வெள்ளையாகத் தெரியும். எண்ணெய்ப்பசை இல்லாமல் துடைத்துவிட்டுக் சூடாக்காமல் தடவும் குளிர்ப்பூச்சுக் கறுப்பு தடவலாம், உராயும் இடத்தில் நாளடைவில் மங்கும். எண்ணெய் தடவுவதை மறந்தால் இரண்டே நாளில் துரு எட்டிப் பார்க்கும். அலுமினிய ஃபிரேமில் யோசித்து இறங்குங்கள். மேலே இருப்பது கடினமான மெல்லிய தோல், அதை எடுத்தால் உள்ளே மென்மையான உலோகம்தான். நைட்ரைடு ஏற்றி மேற்பரப்பைக் கடினமாக்கிய ஸ்லைடுகளில் அரம் வழுக்கும். அரம்தான் மழுங்கும். அதை ஒரு பட்டறைக்குக் கொடுப்பது நல்லது.

தாத்தா காலத்துப் போர்க்கால பிஸ்டல் என்றால் எதையும் ராவாதீர்கள். ஹேமர், கிரிப் சேஃப்டி, தம்ப் சேஃப்டி மூன்றுக்கும் மாற்றுப் பாகம் கிடைக்கும். வாங்கி, பொருத்தத் தெரிந்தவரிடம் கொடுத்துப் போட்டுக்கொண்டு, பழையதை எண்ணெய்த்தாளில் சுற்றிப் பெயர் எழுதி வைத்துவிடுங்கள்.

மறுபடி சுடுமுன்

எல்லாத் தூளையும் கழுவி, எண்ணெயிட்டுப் பூட்டிய பிறகு காலி பிஸ்டலில் மூன்று சோதனை. ஹேமரை ஏற்றி, தம்ப் சேஃப்டியைப் போட்டு, ட்ரிகரை நன்றாக அழுத்துங்கள். ஹேமர் விழக் கூடாது. விரலை எடுத்து, சேஃப்டியை இறக்குங்கள். அப்போதும் விழக் கூடாது. பிறகு ஹேமரை மெதுவாக இன்னும் சற்றுப் பின்னால் இழுத்துக் காதருகே கேளுங்கள். "டிக்" என்று சின்னச் சத்தம் வந்தால் சியர் நகர்ந்திருக்கிறது, சேஃப்டி சரியாகத் தடுக்கவில்லை. மூன்றாவது, கிரிப் சேஃப்டியை அழுத்தாமல் பிடித்து ட்ரிகரை இழுங்கள். அதிலும் விழக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் அந்த பிஸ்டல் நேராகத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் போக வேண்டும், மைதானத்துக்கு அல்ல.

மைதானத்தில் முதலில் ஒரே ஒரு தோட்டா. பிறகு மேகசினில் இரண்டு. பிறகுதான் முழு மேகசின். ஐம்பது ஆனதும் நிறுத்திக் கையைப் பாருங்கள், நூறு ஆனதும் மறுபடி பாருங்கள். பழைய காயம் ஆறாமல் இருந்தால் அதை நன்றாக மூடிக்கொண்டு சுடுங்கள். சுடும்போது கையில் படிவது ஈயத்தூள், திறந்த புண்ணில் அது போகக் கூடாது. புதிதாகக் கிழிந்தால் குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் போட்டு கழுவிய பிறகே பிளாஸ்திரி. டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்றும் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிடுங்கள்.